ஒரு சிறு பண்ணை, ஐந்து பிள்ளைகள்: தொடக்க கால அமெரிக்கக் கிராமங்களில் பாகப்பிரிவினை

கேள்வியின் சாரம் இது. 1780களில் மாசசூசெட்ஸ் கிராமத்து விவசாயி ஒருவர் எழுதிய உயிலில் மூத்த மகனுக்கு ஐந்து ஷில்லிங் மட்டுமே விடப்பட்டிருக்கிறது. நிலம் முழுவதும் இளைய மகனுக்குப் போகிறது. மகள்களுக்கு இறகு மெத்தையும் ஒரு பசுவும் தரப்படுகின்றன. மனைவிக்கோ வீட்டின் கிழக்கு அறையும், நிலவறையில் பாதியும், ஆண்டுதோறும் இத்தனை மரக்கால் சோளமும் என்று எழுதப்பட்டிருக்கிறது. இது ஓரவஞ்சனையா, அல்லது அக்காலத்தில் இதுதான் வழக்கமா?

ஓரவஞ்சனை எப்போதாவது இருந்திருக்கலாம். ஆனால் இந்த அமைப்பில் எழுதப்பட்ட உயில்களில் பெரும்பாலானவை கவனமாகக் கணக்குப் போட்டு எழுதப்பட்டவை. அவற்றைப் புரிந்துகொள்ள, உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் சட்டம் என்ன செய்திருக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏனெனில் உயில் எழுதிய ஒவ்வொருவரும் அந்தச் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பின்பற்றவோ திருத்தவோதான் எழுதினார்கள்.

இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, உயில் இல்லாதவரின் நிலம் முழுவதும் மூத்த மகனைச் சேரும். வர்ஜீனியா, நியூயார்க், மேரிலாந்து, கரோலினாக்கள் ஆகிய குடியேற்றங்கள் இந்த முறையையே பின்பற்றின. நியூ இங்கிலாந்தின் பெரும்பகுதியும் பென்சில்வேனியாவும் வேறு வழியில் சென்றன. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும், மகள்கள் உட்பட, பங்கு உண்டு. மூத்த மகனுக்கு மட்டும் மற்றவர்களைப் போல் இரு மடங்கு. மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கடுமையான கிறித்தவச் சமயப் பிரிவினர் இதனை விவிலியத்தின் உபாகமம் 21ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டு, 1641இலேயே தங்கள் சட்டத் தொகுப்பில் சேர்த்திருந்தார்கள்.

இந்த வேறுபாடு லண்டனில் பெரிய வழக்காகவும் மாறியது. கனெக்டிகட்டில் நிலம் வைத்திருந்து, 1717இல் உயில் இல்லாமல் இறந்த வெயிட் விந்த்ரோப்பின் மகன் ஜான், தன் சகோதரிக்கு நிலத்தில் பங்கு தர மறுத்து மன்னரின் ஆலோசனைக் குழு வரை சென்றார். 1728இல் அக்குழு, பிள்ளைகளுக்குள் நிலத்தைப் பிரிக்கும் கனெக்டிகட் சட்டம் இங்கிலாந்தின் சட்டத்துக்கு முரணானது என்று கூறி அதைச் செல்லாததாக்கியது. பல தலைமுறைகளாக அதே சட்டப்படி பிரிக்கப்பட்டு, விற்கப்பட்டு, வேலி போடப்பட்டிருந்த எத்தனையோ சிறு பண்ணைகளின் உரிமை ஒரே நாளில் கேள்விக்குள்ளானதை நினைத்துப் பார்த்தால், அந்தக் குடியேற்றம் ஏன் அவ்வளவு கலங்கியது என்பது புரியும். 1738இல் மாசசூசெட்ஸின் இதே போன்ற சட்டம் ஏற்கப்பட்டதும், 1745இல் மற்றொரு வழக்கில் கனெக்டிகட்டின் முறை நிலைபெற்றதும் பெரும் ஆறுதலாக அமைந்தன.

விடுதலைப் போர் தொடங்கிய பின் மூத்த மகனின் தனிச் சலுகை எங்கும் மறைந்தது. ஜார்ஜியா 1777இலும், நியூயார்க்கும் மேரிலாந்தும் 1786இலும் அதைக் கைவிட்டன. மாசசூசெட்ஸில் இரட்டைப் பங்கு 1789இல் ஒழிந்தது. ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே உள்ள பகுதிக்காக 1787இல் இயற்றப்பட்ட சட்டம் தன் இரண்டாம் பிரிவிலேயே, பிள்ளைகளுக்குச் சமபங்கு, இறந்த பிள்ளையின் பங்கு பேரப்பிள்ளைகளுக்கு, கைம்பெண்ணுக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் வரை என்று வகுத்துவிட்டது.

சட்டம் மாறிய அந்த இடைவெளியில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். வர்ஜீனியாவில் ஜெஃபர்சன் முன்னெடுத்த சமபங்குச் சட்டம் 1785இல் நிறைவேறியது. ஆனால் அது 1787 ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது வர்ஜீனியாவின் பகுதியாக இருந்த கென்டக்கியில் ஆபிரகாம் லிங்கன் என்ற விவசாயி 1786இல் தம் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். உயில் இல்லை, மூன்று மகன்கள். பழைய சட்டம் சில மாதங்களே உயிரோடிருந்த அந்த நேரத்தில், நிலம் முழுவதும் மூத்தவரான மோர்டெகாயைச் சேர்ந்தது. எட்டு வயதான கடைசி மகன் தாமஸ், கூலி வேலை செய்து ஊர் ஊராகத் திரிந்து, படிப்பே இல்லாமல் வளர்ந்தார். அந்தத் தாமஸின் மகன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன். உயில் எழுதாமல் இறப்பதன் விலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

இனி, சமபங்கோ இரட்டைப் பங்கோ இருந்த ஊரில் உண்மையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். குடும்பத் தலைவர் உயிலின்றி இறந்தால், மாவட்டத்தின் வாரிசுரிமை நீதிபதி, பெரும்பாலும் கைம்பெண்ணையோ மூத்த மகனையோ நிர்வாகியாக நியமிப்பார்; அவர் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பிறகு அக்கம்பக்கத்து நிலவுடைமையாளர்கள் மூவர் வந்து அறை அறையாக, களஞ்சியம் களஞ்சியமாக நடந்து, இறந்தவரின் சட்டை முதல் ஏர், இரும்புச் சட்டி, எருதுகளின் சங்கிலி, தறியிலிருந்து பாதி இறங்கிய துணி, பழைய விவிலியம் வரை அனைத்தையும் விலையிட்டு எழுதுவார்கள். அண்டை வீட்டாராக இருந்ததால் எந்தப் பசு நன்றாகக் கறக்கும், எந்த வயல் ஈரம் தாங்காது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இந்தப் பட்டியல்களை வாசிக்கும்போது ஒரு கிராமத்து வீட்டின் முழு வாழ்க்கையும் கண்முன் வருகிறது. அமெரிக்க வரலாற்றில் சாதாரண மக்களைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகப் பேசும் ஆவணங்கள் வேறு அதிகம் இல்லை.

அடுத்து கடன்கள். அசையும் பொருள்களிலிருந்தே முதலில் அடைக்க வேண்டும். போதாவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு நிலத்தை விற்கலாம். 1732இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், குடியேற்றங்களில் இருந்த நிலத்தையும் கடனுக்குப் பொறுப்பாக்கியதால், இங்கிலாந்தைவிட இங்கே கடன் கொடுத்தவர்களின் கை ஓங்கியிருந்தது. பொருள்கள் பொது ஏலத்தில் விற்கப்படும்போது, கைம்பெண்ணும் பிள்ளைகளுமே தங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் திரும்ப ஏலத்தில் எடுத்ததைக் கணக்குகளில் காணலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டால் சிக்கல் விளங்கும். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள், கைம்பெண். நிலத்தின் மதிப்பு 210 பவுண்டு, அசையும் பொருள் 84 பவுண்டு, கடன் 30 பவுண்டு. கடன் போக அசையும் பொருளில் மீதி 54. அதில் மூன்றில் ஒன்றான 18 கைம்பெண்ணுக்கு முழு உரிமையாகச் சேரும். எஞ்சிய 36 பவுண்டும் நிலமும் ஆறு பாகமாகி, மூத்தவருக்கு இரண்டு, மற்ற நால்வருக்கும் ஒவ்வொன்று. அதாவது ஒவ்வொருவருக்கும் நிலத்தில் 35 பவுண்டு, பொருளில் 6 பவுண்டு. மூத்தவருக்கு அதன் இரு மடங்கு. எழுத்தில் இது எளிது. ஆனால் ஒரு வீடு, ஒரு களஞ்சியம், ஒரு கிணறு, கொஞ்சம் உழவு நிலம், கொஞ்சம் புல்வெளி, விறகுக்கு ஒரு காடு என்று எல்லாம் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் பண்ணையை ஆறாக வெட்டினால், புல்வெளி கிடைத்தவருக்கு உழவு நிலம் இராது. உழவு நிலம் கிடைத்தவருக்கு மாட்டுக்குப் புல் இராது. ஆறு துண்டில் ஒன்று கூட ஒரு குடும்பத்தைக் காப்பாற்றாது.

இதைச் சட்டமும் அறிந்திருந்தது. அனுப்பப்பட்ட நிலவுடைமையாளர்கள், முழுமைக்கும் கேடு விளையாமல் பிரிக்க முடியாது என்று அறிக்கை தந்தால், நீதிபதி நிலம் முழுவதையும் மூத்த மகனுக்கோ, அவர் மறுத்தால் வேறொரு மகனுக்கோ ஒப்படைத்து, மற்றவர்களின் பங்கை மதிப்பிட்ட விலைப்படி பணமாகக் கொடுக்கும்படி அவரைப் பிணைப்பத்திரத்தில் கட்டுவார். மேற்சொன்ன கணக்கில், நிலத்தை எடுத்துக்கொள்ளும் மூத்த மகன் உடன்பிறந்தவர்களுக்கு மொத்தம் 140 பவுண்டு தர வேண்டும். அதில் தாயின் ஆயுள் உரிமையில் உள்ள மூன்றில் ஒரு பகுதிக்கான தொகை மட்டும் பெரும்பாலும் தாயின் காலத்துக்குப் பிறகு வந்து சேரும். ரொக்கம் அரிதாக இருந்த கிராமத்தில் இத்தொகை தவணைகளாக, கன்றுகளாக, தானியமாக, கடன் சீட்டுகளாகப் பல ஆண்டுகள் இழுத்தது. ஆகவே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: இந்தச் சிறு பண்ணைகளில் நிலம் பெற்றவர் சொத்தை மட்டும் பெறவில்லை, தாயின் சோறு, தங்கைகளின் பங்கு, தந்தையின் கடன் ஆகிய மூன்றையும் சேர்த்தே தோளில் ஏற்றினார். அந்தச் சுமையைக் கணக்கில் கொள்ளாமல் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று மட்டும் எண்ணினால் தவறான முடிவுக்கே வருவோம்.

இப்போது ஐந்து ஷில்லிங்குக்கு வருவோம். தந்தை உயிரோடிருக்கும்போதே மூத்த மகனுக்குத் திருமணம் ஆகியிருக்கும். அவருக்கு ஊரின் வேறு பக்கத்தில் ஒரு நிலம் தானப் பத்திரத்தால் கொடுக்கப்பட்டிருக்கும், அல்லது வெர்மான்ட்டிலோ மேற்கு நியூயார்க்கிலோ நிலம் வாங்கப் பணம் தரப்பட்டிருக்கும், அல்லது ஒரு தொழில் கற்றுக்கொள்ளச் செலவிடப்பட்டிருக்கும். முன்பே தந்ததைப் பங்கில் கழித்துக்கொள்வது சட்டத்திலும் வழக்கத்திலும் உறுதியாக இருந்தது. எனவே உயிலில் அவர் பெயருக்கு எதிரே, முன்பு கொடுத்ததோடு சேர்த்து இதுவே அவருடைய முழுப் பங்கு என்ற பொருளில் ஒரு சிறு தொகை எழுதப்படும். பெயரைக் குறிப்பிடுவதற்கே ஒரு காரணமும் இருந்தது. மாசசூசெட்ஸ் சட்டப்படி, உயிலில் அறவே விடுபட்ட பிள்ளை, உயில் இல்லாதது போலவே தன் பங்கைக் கோரலாம். ஐந்து ஷில்லிங், அந்தப் பிள்ளையைத் தந்தை மறக்கவில்லை என்பதற்கான சான்று. சினத்தால் விலக்கப்பட்ட மகனும் அதே தொகையைப் பெற்றிருக்கலாம் என்பதால், உயிலை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது. கடைசி மகனுக்கு வீடும் நிலமும் போவதற்கும் இதே தருக்கம் பொருந்தும்: மூத்தவர்கள் வெளியேறிய பின், வயதான பெற்றோருடன் தங்கி உழுதவர் அவரே.

கைம்பெண்ணின் நிலைதான் இந்த ஏற்பாட்டில் மிகவும் நுட்பமானது. கணவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர் ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது, உயிலால் யாருக்கும் விடவும் முடியாது. பல இடங்களில் இந்த உரிமை கணவர் மணவாழ்க்கையில் எப்போதாவது வைத்திருந்த எல்லா நிலத்தின் மீதும் இருந்தது. அதனால்தான் கணவர் நிலத்தை விற்கும்போது மனைவியின் ஒப்புதலும் கேட்கப்பட்டது. கனெக்டிகட்டிலோ இறக்கும்போது கையிலிருந்த நிலத்தில் மட்டுமே உரிமை. அந்த மூன்றில் ஒரு பங்கை அளந்து ஒதுக்க வந்தவர்கள் வீட்டையும் அளந்தார்கள்: கிழக்கு முன்னறை, அதன்மேல் உள்ள படுக்கையறை, நிலவறையில் பாதி, அடுப்படியில் ரொட்டி சுடும் உரிமை, கிணற்றுக்குப் போக வழி, களஞ்சியத்தில் ஒரு பசு கட்ட இடம், சில இடங்களில் தேவாலயத்து இருக்கையில் ஒரு பகுதி. தன் சொந்த வீட்டின் அடுப்படி வழியாகக் கிணற்றுக்குப் போக ஒரு தாய்க்கு எழுத்துப்பூர்வமான உரிமை தேவைப்பட்டது என்பது வாசிக்கும்போது மனத்தைத் தைக்கிறது. மருமகள் கையில் அடுப்படி போன பிறகு என்ன நடக்கக்கூடும் என்பதைக் கணவர்களும் நீதிமன்றமும் நன்கு அறிந்தே இப்படி எழுதினார்கள்.

உயிலில் சோளம், பன்றி இறைச்சி, வாசலில் கொண்டுவந்து போடப்படும் விறகு, தேவாலயம் செல்ல ஒரு குதிரை என்று விரிவாக எழுதப்படுவதும் இதனால்தான். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று பொதுவாக விட்டால், உழ ஆளில்லாத முதிய பெண் அதை என்ன செய்வார்? உணவாகவும் விறகாகவும் மாற்றி, மகன் மீது கடமையாக ஏற்றிவிட்டால் பசி தீரும். மகன் தவறினால் நிலமே ஈடு. ஆனால் இந்த ஏற்பாடுகளில் பல, அவர் கைம்பெண்ணாக இருக்கும்வரை மட்டுமே என்ற நிபந்தனையோடு வந்தன. மறுமணம் செய்தால் அறையும் போகும். கணவர் விட்டது குறைவு என்று கருதினால், பல குடியேற்றங்களில் அவர் உயிலை மறுத்து, சட்டம் தரும் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டுப் பெறலாம். ஹட்சன் ஆற்றங்கரையின் டச்சுக் குடும்பங்கள் இன்னும் தாராளமாக இருந்தன. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே உயில் எழுதி, மற்றவர் இறந்த பின் உயிரோடிருப்பவர் கையில் முழு நிர்வாகத்தையும் விட்டு, பிறகு மகன்களுக்கும் மகள்களுக்கும் ஏறத்தாழ சமமாகப் பிரிப்பது அவர்கள் வழக்கம்.

இந்த ஆயுள் உரிமையின் உண்மையான மதிப்பை அறிய மீண்டும் லிங்கன் குடும்பத்தையே பார்க்கலாம். தந்தையின் நிலத்தில் பங்கு பெறாத தாமஸ் லிங்கன், 1851 ஜனவரியில் இல்லினாயின் கோல்ஸ் மாவட்டத்தில் இறந்தார். நாற்பது நாற்பது ஏக்கராக மூன்று துண்டு நிலம் அவர் கையில் இருந்திருக்கிறது. அதில் கிழக்குத் துண்டை 1841இலேயே மகன் ஆபிரகாம் 200 டாலருக்கு வாங்கி, பெற்றோர் இருவரும் வாழும்வரை அவர்களே அனுபவிக்கட்டும் என்று விட்டிருந்தார். தாமஸின் ஒரே வாரிசு ஆபிரகாம். மற்ற எண்பது ஏக்கரை அவர், சிற்றன்னை சேராவின் முதல் மணத்து மகனான ஜான் ஜான்ஸ்டனுக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார், சேராவின் மூன்றில் ஒரு பங்கு உரிமைக்கு உட்பட்டு. ஜான்ஸ்டன் அதோடு நிற்கவில்லை. கிழக்கு நாற்பதையும் 300 டாலருக்கு விற்று, 100ஐத் தான் எடுத்துக்கொண்டு, 200ஐ எட்டு சதவீத வட்டிக்குத் தாய்க்காக விடலாம் என்றார். 1851 நவம்பர் 25ஆம் தேதியிட்ட கடிதத்தில் லிங்கன் கணக்கைப் பிரித்துக் காட்டி மறுத்தார்: அந்த ஏற்பாட்டில் தாய்க்கு ஆண்டுக்கு 16 டாலர்தான் கிடைக்கும், அந்த நிலத்திலிருந்தே குறைந்தது 30 டாலர் வரவழைக்கலாம், எண்பது ஏக்கரில் அவருக்கிருந்த உரிமையை ஏற்கெனவே நீ வாங்கிக்கொண்டாய், யாருக்காகவும் நான் இதற்கு இணங்க மாட்டேன். பெற்ற மகன் தாயின் உரிமையைக் கரைக்க, பெறாத மகன் அதைக் காத்தார். சட்டம் தந்த மூன்றில் ஒரு பங்கு, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் மட்டுமே காப்பாற்றியது என்பது என் கருத்து.

மகள்களுக்கு இறகு மெத்தை என்றதும் அது அற்பமாகத் தோன்றலாம். மெத்தை, விரிப்பு, திரை, கட்டில் சேர்ந்த படுக்கை, ஒரு சாதாரண வீட்டின் பட்டியலில் மிக உயர்ந்த விலையுள்ள பொருள்களில் ஒன்று. பசு, பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைத் தட்டுகள், நூற்புச் சக்கரம், துணிகள் ஆகியவை திருமணத்தின்போதே தரப்பட்டு, பங்கில் கழிக்கப்பட்டன. இருந்தாலும், மகளின் பங்கு மகனுடையதைவிடக் குறைவாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அசையும் பொருளாகத் தந்ததில் இன்னொரு இழப்பும் இருந்தது: மணமான பெண்ணின் அசையும் சொத்து உடனே கணவருடையதாகிவிடும். இந்நிலை மாறத் தொடங்கியது 1839இல் மிசிசிப்பியிலும், 1848இல் நியூயார்க்கிலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான்.

தெற்கு மாநிலங்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றை ஒதுக்க முடியாது. அங்கே சிறிய சொத்துகளிலும் அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள் சொத்தாக எழுதப்பட்டு, பங்காகப் பிரிக்கப்பட்டார்கள். மேரிலாந்தின் டால்பட் மாவட்டத்தில் ஆரோன் ஆன்டனி 1826இல் உயிலின்றி இறந்தபோது, அவருடைய பிள்ளைகளுக்குள் பிரிப்பதற்காக, பால்டிமோரில் இருந்த பின்னாளில் அடிமை முறைக்கு எதிராகப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸ், அப்போது அடிமைச் சிறுவன், திரும்ப வரவழைக்கப்பட்டார். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் குதிரைகளோடும் பன்றிகளோடும் ஒரே வரிசையில் நின்று விலையிடப்பட்டதை அவர் பின்னர் எழுதியிருக்கிறார். அவர் ஆன்டனியின் மகள் லுக்ரீஷியாவின் குடும்பத்துக்கான பங்கில் விழுந்ததால் பால்டிமோர் திரும்பினார். வாரிசுகளுக்குள் துல்லியமான சமத்துவம் தேடப்பட்ட அதே கணக்கில், இன்னொரு குடும்பத்தின் தாயும் பிள்ளையும் வெவ்வேறு பங்குகளில் எழுதப்பட்டார்கள். அந்தப் பட்டியல்களை நேர்மையான பிரிவினைக்குச் சான்றாக மட்டும் காட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல.

உயிலைக் கையில் வைத்திருப்பவர் அடுத்ததாகச் செய்ய வேண்டியது, அதே மாவட்டத்தின் நிலப் பத்திரப் பதிவேட்டில் தந்தை பெயரிலிருந்து மூத்த மகன் பெயருக்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஏதேனும் மாறியிருக்கிறதா என்று தேடுவது. அன்பினால் என்றோ மிகச் சிறிய தொகைக்கு என்றோ எழுதப்பட்ட பத்திரம் கிடைத்தால் ஐந்து ஷில்லிங்குக்கான விளக்கம் அதில் இருக்கும். பிறகு வாரிசுரிமை நீதிமன்றக் கோப்பில் சொத்துப் பட்டியலையும், நிர்வாகியின் கணக்கையும், மகள்களோ அவர்களின் கணவர்களோ கையெழுத்திட்ட பற்றுச் சீட்டுகளையும் பார்க்க வேண்டும். நிலம் பெற்ற இளைய மகன் எத்தனை ஆண்டுகளில், எதைக் கொடுத்து அந்தப் பங்குகளைத் தீர்த்தார் என்பது அச்சீட்டுகளில்தான் தெரியும். பதினான்கு வயது நிறைந்த பிள்ளைகள் தங்கள் காப்பாளரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், காப்பாளர் நியமனத் தாள்களையும் விட்டுவிடக் கூடாது. தாயை விடுத்து யாரை அவர்கள் கேட்டார்கள் என்பதிலிருந்து அந்த வீட்டில் யார் யாரோடு ஒத்துப்போனார்கள் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.